ஏழு வயதில் பிறந்த வள்ளியம்மை

மகிழ்ச்சியான செய்தி ஒன்றை ஊருக்கும் உலகத்துக்கும் தெரிவிக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்திருக்கிறது.

திருவாரூருக்குக் கிழக்கே, ஓடம்போக்கி ஆற்றின் தென்கரையில் இருக்கும் கீழப்பாலூர் கிராமத்தின் பெரிய மிராசுதாரும், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரும், இன்றைய ஆளுங்கட்சியின் தீவிர அனுதாபியும், நேற்றைய ஆளுங்கட்சியின் அதைவிடத் தீவிர அனுதாபியுமான உயர்திரு சிவசங்கரன் அவர்களுக்கும், அவருடைய தர்மபத்தினி மதுரத்துக்கும், கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

குழந்தையின் பெயர் வள்ளியம்மை. பிறந்த இடம், பத்திரம் எழுதுகிற வாஞ்சிநாதனின் சாய்வு மேஜை. பிறக்கும்போதே கையோடு ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர், நஞ்சை கொண்டுவந்தது. பிறக்கும்போதே வயது ஏழு.

தாயும் சேயும் நலம். தாய்க்கு மட்டும் போன வாரம் வரைக்கும் தகவல் சொல்லவில்லை.

சென்ற இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு ஏக்கர்தான் என்று சர்க்கார் உச்சவரம்பு போட்டுவிட்டது. சிவசங்கரன் தன் நிலத்தை மைத்துனர் பேரில் கொஞ்சம், காலமான மாமா பேரில் கொஞ்சம், ஊர் ஐயனார் பேரில் கொஞ்சம் என்று பிரித்து எழுதி வைத்தார். அப்படியும் ஒன்றரை வேலி மிஞ்சியது. வக்கீலைக் கேட்டார். பெண் குழந்தை இருந்தால் அதன் பேரில் சீதனமாகத் தனியே நிறுத்திவிடலாம் என்றார் வக்கீல். பெண் குழந்தை இல்லை என்பது ஒரு சின்னக் குறை. அந்தக் குறையை வாஞ்சிநாதன் அரைப்பக்கத்தில் தீர்த்து வைத்தார்.

பிள்ளை வரம் கேட்டு எத்தனையோ கோயில் ஏறி இறங்கிய மனுஷன், ஆண் வாரிசைத் தவிர வேறு எதையும் வாயால் கேட்டதில்லை. சட்டம் பெண்ணுக்குச் சாதகமாக இருந்ததும் பெண்ணையே பெற்றுவிட்டார். கொள்கைப் பிடிப்பு என்பது இதுதான்.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. நிலச்சீர்திருத்தத் தாசில்தார் ஜெகபர் அலி வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். மைனர் வள்ளியம்மையை ஆஜர்படுத்த வேண்டும்.

சிவசங்கரன் இந்தச் சங்கதியை மதியச் சாப்பாட்டில், ரசத்துக்கு வரும்போதுதான் மனைவியிடம் சொன்னார். ஏன் இப்படி ஒரு பொய் என்று மதுரம் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை.

"பேரு என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வள்ளியம்மை."

ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. கோபம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்து போனார்.

கோபம் இல்லை. கல்யாணமான முதல் வருஷம் ஐப்பசியில், மாயவரம் துலாக் கட்டத்தில் முழுக்குப் போட்டுவிட்டுப் படியேறும்போது, ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே மதுரம் அவரிடம் சொன்னாள்: "பொண்ணு பொறந்தா வள்ளியம்மைன்னு வைக்கலாமாங்க?"

அவர் "ம்" என்றார்.

அந்தத் தம்பதிக்குள் நடந்த மிக நீண்ட அந்தரங்கப் பேச்சு அதுதான். அந்த "ம்" ஒன்றை வைத்துக்கொண்டு மதுரம் பதினைந்து வருஷம் ஓட்டியிருந்தாள். அவர் காதில் விழுந்ததோ என்னவோ என்று பல தடவை யோசித்திருக்கிறாள். விழுந்திருக்கிறது! பத்திரத்தில் பேர் எழுத வேண்டி வந்தபோது, ஆயிரம் பேர் இருக்க, அந்தப் பேர் வாயில் வந்திருக்கிறது. அப்படியானால் அவர் மனதுக்குள்ளும் ஒரு வள்ளியம்மை இத்தனை வருஷமாக நடமாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று துடித்தாள். கேட்கவும் பயமாக இருந்தது. வாரம் பூராவும் கேட்கவில்லை.

குழந்தை தேடும் படலம் புதன்கிழமை தொடங்கியது.

ஊரில் குழந்தைகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் மிராசுதார் வீட்டுக் குழந்தை ஒன்றுகூடச் சும்மா இல்லை. எல்லாம் தத்தம் அப்பாக்களுக்காக நில உடைமையாளராக ஏற்கெனவே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தன. பால்பல் விழாத ஒரு பயல் இரண்டு வேலிக்குச் சொந்தக்காரன். தொட்டிலில் கிடந்த ஒன்று தென்னந்தோப்பு வைத்திருந்தது. ஒரே முகத்தை இரண்டு வீட்டில் அதிகாரி பார்த்துவிட்டால் இரண்டு குடும்பத்தின் நிலமும் போய்விடும்.

ஆக, எந்தப் பத்திரத்திலும் பேர் இல்லாத குழந்தையாக வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைகள் அந்த ஊரில் ஒரே ஒரு தெருவில்தான் இருந்தார்கள்.

அந்தத் தெருப் பிள்ளைகள் சிவசங்கரன் வீட்டில் கொல்லைத் தொழுவத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வரவிட்டதில்லை. மதுரமும் அதைத் தப்பென்று ஒரு நாளும் சொன்னவள் இல்லை. சிவசங்கரன் அரை மணி நேரம் யோசித்து, "கவர்மெண்டு காரியத்துக்குத் தோஷம் கெடையாது" என்று சாஸ்திரம் கண்டுபிடித்தார். தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த செவ்வந்தியைக் கூப்பிட்டார்.

"ஒம் பொண்ணுக்கு வயசு ஏழுதானே?"

"அம்சவல்லிக்கா? ஆமாங்க. என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. வெள்ளிக்கெழம காலையில ஒரு ரெண்டு மணி நேரம் நம்ம வீட்டுல இருக்கட்டும். அரசாங்க காரியம்."

செவ்வந்தி கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். ஊருக்கே தெரிந்த சமாசாரம் தொழுவத்துக்குத் தெரியாதா?

"எங்க மனைக்கட்டு மனுவும் அரசாங்க காரியந்தானுங்க. குடியிருக்கிற மண்ணு குடியிருக்கிறவனுக்குன்னு சட்டம் வந்துருச்சு. நீங்கதான் ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லிங்க. ஆட்சேபணை இல்லேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் புள்ளைய அழச்சிட்டு வர்றேன்."

உழைப்பவர் உரிமையைப் பற்றி எதுகை மோனையோடு முக்கால் மணி நேரம் மேடையில் பேசக்கூடியவர் சிவசங்கரன். அன்றைக்கு ஓர் எதுகைகூட வரவில்லை. போட்டுக் கொடுத்தார். செவ்வந்தி காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாங்க."

அவள் புருஷன் மருதையன் செங்கொடிச் சங்கத்தில் கிளைச் செயலாளர். இந்த மனைக்கட்டுக்காக மூன்று மாதமாக ஊர்வலம், கோஷம், தாலுகா ஆபீஸ் முன்னால் மறியல் என்று அலைந்துகொண்டிருந்தார்.

"அவரு போராடி வாங்கப் போறாரு. நான் வாங்கிட்டேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு" என்றாள் செவ்வந்தி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அம்சவல்லி கொல்லை வழியாக வந்து நின்றாள். மூக்கில் சளி, முட்டியில் சேறு, கண்களில் இந்த வீட்டை முழுக்கப் பார்த்துவிடும் அவசரம்.

மதுரம் இரண்டு நாளாக உட்கார்ந்து தன் கூறைப்புடவையை வெட்டி ஒரு பட்டுப்பாவாடை தைத்து வைத்திருந்தாள். மெஷினில் இல்லை. கையால்.

"தலைய நான் சீவி விட்டுடுறேங்க. சிக்கு இருக்கும். பேனும் இருக்கும்" என்றாள் செவ்வந்தி, கொல்லை வாசற்படிக்கு வெளியே நின்றபடி.

"இருக்கட்டும். நானே சீவுறேன்."

அந்தத் தலையில் கை வைக்கும்போது மதுரத்தின் விரல் ஒரு கணம் தயங்கியது. பழக்க தோஷம். பிறகு தயங்கவில்லை. வேப்பெண்ணெய், வைக்கோல் தூசு, வெயில் எல்லாம் கலந்த ஒரு மணம். சிக்கெடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் சிக்கு இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒத்திகையைச் செவ்வந்தியே படிக்கு வெளியே நின்றபடி நடத்தினாள்.

"ஒம் பேரு என்ன?"

"வள்ளியம்மை."

"இவங்க யாரு?"

"அம்மா."

"அப்ப நான் யாரு?"

குழந்தை யோசித்தது. "நீயும் அம்மா."

"இல்லடி. நான் மாட்டுக்கொட்டாய் செவ்வந்தி. எங்கே, கூப்புடு."

குழந்தைக்கு இது அடக்க முடியாத தமாஷாக இருந்தது. பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்தக் குழந்தைக்கு அதிகாரம் கிடைத்திருக்கிறது? "ஏ செவ்வந்தி! செவ்வந்தி! சாணி அள்ளுனியா செவ்வந்தி?" என்று கூடத்தைச் சுற்றிக் குதித்தது. செவ்வந்தியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் குளவிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூடத்தை ஒட்டிய பத்திர அறையின் சுவரில் கார்த்திகை மாதம் ஒரு குளவி மண் உருண்டை கொண்டுவந்து ஒட்டி வீடு கட்டியது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. அன்றிலிருந்து அந்த அறைக்குள் துடைப்பம் நுழையக் கூடாது என்று மதுரம் தடை போட்டுவிட்டாள். மூன்று மாதமாக ஒட்டடைகூட அடிக்கவில்லை. தினமும் விளக்கு வைத்ததும் கதவோரம் நின்று அந்த மண் கூட்டை ஒரு பார்வை பார்ப்பாள். வயது முப்பத்தைந்து. இன்னும் காலம் போய்விடவில்லை என்று அந்த உருண்டை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மண் குளவி சாது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் அது பெற்றுக் கொடுத்த தடையுத்தரவின் பலத்தில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், இருட்டில், செங்குளவிகள் ஒரு பெரிய குடும்பமாக வந்து குடியேறியிருந்தன. நல்ல குளவியின் பேரில் பொல்லாத குளவி அனுபோகம். வீட்டு எஜமானரிடம் கற்றுக்கொண்டிருக்கும்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது.

ஜெகபர் அலி ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு ஃபைல். கூடவே டிரைவர். சிவசங்கரன் பீரோவில் இருந்த இரண்டு ரக வேட்டிகளில் இன்றைய நிலவரத்துக்குப் பொருத்தமான கரையைத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருந்தார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார்:

"வருக! ஏழையின் ஏக்கம் தீர்க்க, ஏரின் ஏற்றம் காக்க வந்திருக்கும்..."

"மைனர் இதுதானுங்களா?" என்றார் ஜெகபர் அலி.

அம்சவல்லி மதுரத்தின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒத்திகையில் இது இல்லை. மதுரம் தலைப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தாள்.

"பேரு என்ன கண்ணு?"

"வள்ளியம்மை."

"என்ன படிக்கிறே?"

இதுவும் ஒத்திகையில் இல்லை. "ஆடு மேய்க்கிறேன்" என்றது குழந்தை.

"வெளையாட்டுப் புள்ள!" என்று சிவசங்கரன் பெரிதாகச் சிரித்தார். "மூலப் பத்திரம் பாருங்க. உள்ளே வாங்க. ஒளிவு மறைவு நம்ம பரம்பரையிலேயே இல்ல. திறந்த புத்தகம், தெளிந்த நீரோடை..."

பத்திர அறைக்குள் போனார். குழந்தை வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடியது. மதுரம் "அந்தச் சுவர் பக்கம் கூடு இருக்குங்க, பாத்து" என்றாள். அவள் மண் கூட்டைச் சொன்னாள். அவர் அதைவிட்டு ஜாக்கிரதையாக விலகி, கைத்தடியை டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் விட்டு ஓர் இழுப்பு இழுத்தார்.

"இந்த நிலம் என் நெஞ்சின்..."

நெஞ்சின் என்ன என்பது தெரியாமலே போயிற்று. அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது, எந்த மேடையிலும் அவர் உபயோகித்திராத தமிழ்.

"அய்யய்யோ! அடியாத்தே! சாவுறேனே!"

மூக்கில் ஒன்று, மேல் உதட்டில் ஒன்று, காது மடலில் ஒன்று. ஒரு நிமிஷத்தில் பெரிய மிராசின் முகம் மூன்று திசையில் வளர ஆரம்பித்தது. குழந்தையை ஒன்றே ஒன்றுதான் கொட்டியது. இடது கண்ணுக்குக் கீழே, இமையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

மதுரம் பாய்ந்து போய்க் குழந்தையை வாரிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கதவைச் சாத்தினார்கள். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்து, வாய் கோணி, வீடே அதிரும்படி அலறியது.

"செவ்வந்தீ! செவ்வந்தீ!"

அம்மா என்று அலறவில்லை. அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று அம்மாவே சொல்லியிருந்தாள். உயிர் போகிற வலியிலும் குழந்தை சொன்ன சொல் கேட்டது.

ஜெகபர் அலி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொல்லை வாசற்படியில் ஒரு பெண் சாணிக் கையோடு வந்து நின்றிருந்தாள். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடி வராமல் தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"மாட்டுக்காரி. கொழந்தைக்கு அவகிட்ட ரொம்பப் பாசம்" என்றார் சிவசங்கரன், வீங்கிய உதட்டால். "மாழ்ழுக்காழி" என்றுதான் கேட்டது.

உடனே வைத்திய சபை கூடியது. சிவசங்கரன் சுண்ணாம்பு என்றார். டிரைவர் மண்ணெண்ணெய் என்றார். வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருத்தர் இரும்புச் சாவி என்றார், இன்னொருத்தர் புளி என்றார். ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். ஆளாளுக்கு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

மதுரத்திடம் ஒரு நோட்டு இருந்தது. பதினைந்து வருஷமாகப் பத்திரிகைகளில் வரும் குழந்தை வைத்தியக் குறிப்புகளை வெட்டி வெட்டி ஒட்டி வைத்த நோட்டு. பல் முளைக்கும்போது வரும் காய்ச்சல், மாந்தம், கக்குவான், காது வலி, தூக்கத்தில் பயந்து அழுதல். அந்த நோட்டுக்குள் இருந்த குழந்தைக்கு வராத வியாதி இல்லை. மதுரம் அத்தனைக்கும் மருந்து தெரிந்து வைத்திருந்தாள். ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

குளவிக் கடிக்கு அதில் மூன்று துண்டுகள். சுண்ணாம்பைத் தடவினால் உடனே குணம் என்றது ஒன்று. சுண்ணாம்பை மட்டும் தடவவே கூடாது, புளிக்கரைசலே உத்தமம் என்றது இன்னொன்று. இரும்பை வைத்து அழுத்தித் தேய்க்கச் சொன்னது மூன்றாவது. மூன்றும் ஒரே பத்திரிகையில் வந்தவை. நம் பத்திரிகை இல்லை என்று சொல்லிவிட ஆசைதான்.

நோட்டைப் புரட்ட நேரமில்லை. முதல் துண்டுதான் ஞாபகம் வந்தது. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஆள்காட்டி விரல் நிறையச் சுண்ணாம்பை எடுத்தாள். கடைசியில் வந்துவிட்டது, அவள் கைக்கு ஒரு வேலை. குழந்தையின் முகத்தை மார்போடு அணைத்துப் பிடித்து, "இதோ, இதோ சரியாயிடும்டி ராஜாத்தி" என்று விரலைக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோனாள். குழந்தை திமிறியது. விரல் தடுமாறி இமைப் பக்கம் போயிற்று.

"அய்யோ, கண்ணு!"

அந்தக் கூடத்தில் செவ்வந்தியின் கால் பட்டது அன்றுதான் முதல் தடவை. எப்படி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மதுரத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் எஜமானி என்ற நினைப்பே இல்லை.

"சுண்ணாம்பு பட்டா கண்ணு வெந்து போயிடும்! கண்ணு கிட்ட ஏதாச்சும் வைப்பாங்களா?"

குழந்தைகூட ஒரு விநாடி அழுகையை நிறுத்தியது.

செவ்வந்தி தன் கையைப் பார்த்தாள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மதுரத்தின் மணிக்கட்டில் சாணியால் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கையை விட்டாள். ஓரடி பின்னால் போனாள். இடுப்பில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றாள், தரையைப் பார்த்து. "கையக் கழுவிட்டு வாங்க. பானைத் தண்ணியில வேட்டித்துணிய நனச்சுப் புழிஞ்சு மெள்ள ஒத்துங்க. தேய்க்காதீங்க. தேனீ கொட்டுனாத்தான் கொடுக்கு நிக்கும், நகத்தால வழிச்சு எடுக்கணும். இது குளவி, கொடுக்கு நிக்காது. கிள்ளிப் பாக்காதீங்க."

மதுரம் கையைக் கழுவினாள். துணியை நனைத்தாள். செவ்வந்தி சொல்லச் சொல்ல, மதுரத்தின் கை செய்தது. பெற்றவள் தூணோரம் நின்றாள். பெறாதவள் கை குழந்தையின் கன்னத்தில் இருந்தது.

"இன்னம் கொஞ்சம் மேல. ஆங். தண்ணி சூடாயிட்டா மாத்துங்க."

"வெங்காயம் கொஞ்சம்..." என்றாள் மதுரம், நோட்டை நினைத்து.

"அதுவும் எரியும். பச்சத்தண்ணி போதும்." கொஞ்சம் நிறுத்தி, செவ்வந்தி சொன்னாள்: "மடியில போட்டுக்குங்கம்மா. தலை ஒசந்து இருந்தா வீக்கம் ஏறாது. தூங்கிடும்."

தாசில்தார் பார்க்கிறார் என்பதற்காகச் சொன்னாளா, மதுரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாளா என்பது மதுரத்துக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற கேள்வியும் இல்லை. மடியில் போட்டுக்கொண்டாள்.

நோட்டில் பதினைந்து வருஷம் ஒட்டியதில் எங்கேயும் இந்த வைத்தியம் இல்லை.

ஜெகபர் அலி ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார். இரண்டு வரிதான். சிவசங்கரன் எட்டிப் பார்த்தார். மூக்கு வீங்கிக் கண்ணை மறைத்ததால் படிக்க முடியவில்லை.

"பத்திரத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்தார் ஜெகபர் அலி. "திங்கக்கெழம வர்றேன். பள்ளிக்கூட ரிஜிஸ்தரையும், பொறப்பு அத்தாட்சியையும் எடுத்து வையுங்க."

வாசல் பக்கம் நடந்தவர் நின்றார். திரும்பினார்.

"புள்ளைக்கு மூச்சு வாங்குனாலோ, ஒடம்பெல்லாம் தடிச்சாலோ வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காதீங்கம்மா. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."

அதை அவர் மதுரத்திடம் சொல்லவில்லை. தூணோரம் நின்றவளிடம் சொன்னார்.

"சரிங்க" என்றாள் செவ்வந்தி.

ஜீப் போன பிறகும் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது. எச்சில் வழிந்து கூறைப்புடவைப் பட்டில் ஒரு வட்டம் போட்டது. மதுரத்துக்குக் கால் மரத்துப்போயிற்று. மாற்றி உட்காரவில்லை.

செவ்வந்தி மறுபடி படிக்கு வெளியே போய் உட்கார்ந்திருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. சமையல்காரர் வந்து சாப்பிடக் கூப்பிட்டார். மதுரம் கையால் போகச் சொன்னாள்.

"இவ கைப்புள்ளையா இருக்கையில" என்று செவ்வந்தி மெதுவாகச் சொன்னாள், "நடவுக்குப் போனா வரப்புல துணி விரிச்சுப் போட்டுட்டுப் போவேன். நாலு பாத்தி நட்டுட்டு நிமிந்து பாப்பேன். இருக்காளான்னு. இப்பவும் அந்தப் பழக்கம் போகல."

"இருக்கா" என்றாள் மதுரம்.

வெயில் தாழ்ந்தபோது குழந்தை எழுந்தது. ஒரு கண்ணால் சுற்றிலும் பார்த்தது. மதுரத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப அம்மான்னு கூப்புடலாமா?" என்று கேட்டது.

மதுரம் அதன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "கூப்புடு."

குழந்தை மடியிலிருந்து இறங்கி ஓடியது. "அம்மா!" என்று கொல்லைப்படியைத் தாண்டிப் போய் செவ்வந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் மொத்தமாக, "அம்மா அம்மா அம்மா" என்றது.

"பாவாடைய அவுத்துக் குடுத்துட்டு வாடி" என்றாள் செவ்வந்தி.

"இருக்கட்டும்" என்றாள் மதுரம். "போட்டுக்கிட்டே போகட்டும்."

"இல்லிங்கம்மா. இவ அப்பா பாத்தா எங்கேருந்து வந்துச்சும்பாரு."

"போட்டுக்கிட்டே போகட்டும் செவ்வந்தி."

செவ்வந்தி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் இரண்டு பேரும் போனார்கள். பாவாடையின் அரக்குப் பட்டு கடைசி வரைக்கும் தெரிந்தது. கோடியில், தெருமுனைச் செங்கொடிக் கம்பத்தடியில், கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மருதையன் கையை நெற்றியில் வைத்து வரப்பைப் பார்த்தார். பட்டு மினுங்கியதைப் பார்த்து அப்படியே நின்றார்.

அது அவர்கள் பாடு. மதுரம் உள்ளே வந்தாள்.

சிவசங்கரன் ஊஞ்சலில் மல்லாந்து படுத்திருந்தார். மூக்கு, உதடு, காது மூன்றிலும் அப்பிய சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அவரைப் பார்க்க அவளுக்கு முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. நிலம் போகுமோ, திங்கட்கிழமை என்ன சொல்வது என்ற கவலையெல்லாம் அவளுக்கு இல்லை. மடியில் இன்னும் அந்தக் கனம் இருந்தது. இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த மனிதரும் தன்னைப் போல ஒரு பேரைப் பதினைந்து வருஷம் சுமந்தவர்தானே?

ஊஞ்சல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க."

"ம்."

"வள்ளியம்மைன்னு... அந்தப் பேரு ஒங்களுக்கு எப்படிங்க ஞாபகம் வந்துச்சு?"

அவர் உதடு அசைய வலித்தது போலிருக்கிறது. மெதுவாகத்தான் சொன்னார்.

"வாஞ்சிநாதன் போட்டது. அவன் மாமியா பேரு."